வாயிற்காவலும் அவையோர் பொறுப்பும்: திறந்தமூல நிரற்களஞ்சியங்களின் தரக் கட்டுப்பாடு குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

நூலொன்று உலகவர் கைக்குச் செல்வதற்கு முன் அறிந்தோர் அவையில் அரங்கேறுதல் வேண்டும் என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனச் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும் அழகுகள் பத்து என்றும் வரையறுக்கிறார். எழுதுவோர் ஒருவர், ஏற்போர் பலர் என்னும் நிலை எங்குள்ளதோ அங்கெல்லாம் 'இதனை நம்பி ஏற்கலாமா?' என்ற வினாவும் உடன் எழுகிறது. கணினி நிரல்களைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் களஞ்சியங்களும் இவ்வினாவுக்கு விலக்கல்ல.

தமிழாய்வுத் துறையினர் இவ்வினாவில் அக்கறை கொள்ள வேண்டுவது ஏன் எனச் சிலர் கேட்கக்கூடும். சொல்லடைவு தொகுத்தல், சொற்களின் வருகையை எண்ணுதல், ஆசிரியர்களின் நடையை ஒப்பிடுதல் ஆகிய பணிகளுக்கு மொழித்துறை மாணவரும் இன்று கணினியின் துணையை நாடுகின்றனர். அப்பணிகளுக்கான நிரலை அவர்கள் பெரும்பாலும் தாமே எழுதுவதில்லை, களஞ்சியத்திலிருந்து எடுத்தாளுகின்றனர். ஆய்வேட்டில் காணப்படும் எண்ணொன்று பிழையானதாயின், அப்பிழை ஆய்வாளருடையதா, அவர் எடுத்தாண்ட நிரலுடையதா என்பதை நெறியாளரும் தேர்வாளரும் அறிய வழியில்லாது போகிறது. ஆகவே, இக்களஞ்சியங்கள் தம்மிடம் வரும் நிரல்களை எவ்வாறு சோதிக்கின்றன, அச்சோதனை எதனை உறுதிப்படுத்துகிறது, எதனை உறுதிப்படுத்தவில்லை என்பவற்றை இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது. இதற்கெனச் 'சிபேன்', 'கிரான்' எனப்படும் இரு களஞ்சியங்களை நாம் ஒப்புநோக்குகிறோம்.

திறந்த வாயில்: சிபேன்

லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் என்னும் நிரல்மொழி, உரைநடைத் தரவுகளைக் கையாளுவதில் பெயர் பெற்றது. அம்மொழியில் எழுதப்பெற்ற பொதிகளை ஓரிடத்தில் தொகுக்கும் நோக்குடன் 1995இல் சிபேன் தோன்றியது. ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்யும் நிரல்களை ஒன்றாகக் கட்டி, பிறரும் எடுத்தாளும் வகையில் வைப்பதையே இங்குப் பொதி என்கிறோம். அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்கிற்கு 1990களின் தொடக்கத்தில் அமைந்த களஞ்சியமே சிபேனுக்கு முன்மாதிரியாயிற்று. இன்று இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட நிரற்கூறுகளும் அவற்றை எழுதிய 14,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் அதில் இடம்பெற்றுள்ளனர்.

சிபேனின் அடிப்படை இயல்பு, அதற்கு வாயிற்காவலர் இல்லை என்பதாகும். பதிவு செய்துகொண்ட எவரும் தம் பொதியைப் பதிவேற்றலாம். அதனைப் படித்துப் பார்த்து ஒப்புதல் வழங்கும் குழு எதுவுமில்லை. இதனைக் காண்போர், இங்குத் தரக் கட்டுப்பாடே இல்லை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். அம்முடிவு பொருந்தாது. சிபேனில் கட்டுப்பாடு வாயிலில் இல்லையே தவிர, வாயிலுக்கு உட்புறத்தில் மூன்று நிலைகளில் அமைந்துள்ளது.

முதலாவது, பொதியுடன் சோதனைகளையும் சேர்த்து அனுப்பும் மரபு. இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை வர வேண்டும் என ஆசிரியரே எழுதி வைத்த சோதனைகள், பொதியைப் பெறுவோரின் கணினியில், நிறுவுவதற்கு முன்னரே இயக்கப்படுகின்றன. சோதனை தவறினால் நிறுவும் பணி இயல்பாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, 1998இல் தொடங்கிய தன்னார்வச் சோதனையாளர் அமைப்பு. புதிய பொதி வந்ததும் உலகின் பல இடங்களிலுள்ள தன்னார்வலர்கள் தத்தம் கணினிகளில் அதனைச் சோதித்து, தேறியதா தவறியதா என அறிக்கை அனுப்புகின்றனர். கணினியும் வேறு, இயங்குதளமும் வேறு, பெர்ல் மொழியின் பதிப்பும் வேறு என்பதால், ஆசிரியரின் மேசையில் ஒருபோதும் தோன்றாத பிழைகள் இங்கு வெளிப்படுகின்றன.

இத்தகைய சோதனையின் அருமையை வேதியியல் துறையில் நிகழ்ந்த ஒன்று உணர்த்தும். 2014இல் ஆய்விதழொன்றில் வெளிவந்த கட்டுரையுடன் இணைக்கப்பெற்ற நிரல்கள், இயங்குதளத்திற்கு ஏற்ப வெவ்வேறு விடைகளைத் தந்தமையை 2019இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். கோப்புகள் எந்த வரிசையில் படிக்கப்படும் என்பதை நிரல் தானே முடிவு செய்யாமல் இயங்குதளத்தின் போக்குக்கு விட்டதே காரணம். கட்டுரை அறிஞர் மதிப்பீட்டைக் கடந்து வெளிவந்தது. ஆயினும் பிழை ஐந்தாண்டுகள் அறியப்படாமல் இருந்தது. ஒரே சோதனையைப் பல இயங்குதளங்களில் இயக்கிப் பார்க்கும் எளிய வழக்கம் இருந்திருப்பின் இத்தகைய பிழை விரைவில் அகப்பட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு. அறிஞர் படிப்பது ஒரு சோதனை. இயந்திரம் இயக்கிப் பார்ப்பது வேறொரு சோதனை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மூன்றாவது, பொதிகளின் புறத்தோற்றத்தை அளந்து மதிப்பெண் வழங்கும் முறை. உரிமம் குறிப்பிடப்பட்டுள்ளதா, அறிமுகக் குறிப்பு உள்ளதா, சோதனைகள் உள்ளனவா, விளக்க ஆவணம் பிழையின்றி அமைந்துள்ளதா என்பன போன்றவற்றை இயந்திரமே பார்த்து மதிப்பெண் இடுகிறது. இவ்வளவீட்டுக்குப் பெர்ல் நிரலாளர்கள் இட்ட பெயர் சுவையானது. தரம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே பிழைபட எழுதி, ஒலிப்பு மாறாமல், அதனையே பெயராக்கினர். தமிழில் அதனைத் 'தறம்' என எழுதிக் காட்டலாம். செவிக்குத் தரம்போல் ஒலிக்கும். எழுத்தைப் பார்த்தால் தரம் அன்று. தாம் அளப்பது தரத்தை அன்று, தரத்தின் புற அடையாளங்களை மட்டுமே என்பதை அளப்போரே பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை பாராட்டத்தக்கது. மதிப்பெண்ணையே தரமென மயங்கும் கல்விச் சூழலில் வாழும் நாம் இப்பெயரிலிருந்து கற்க வேண்டியதுண்டு.

எனினும், திறந்த வாயிலுக்குரிய குறைகளும் சிபேனில் உள. ஒரே பணிக்குப் பல பொதிகள் குவிகின்றன. எழுதியவர் கைவிட்டுச் சென்றவையும் பராமரிப்பில் உள்ளவையும் அருகருகே நிற்கின்றன. எதனைத் தேர்வது என்னும் சுமை முழுவதும் பயன்படுத்துவோர்மீது விழுகிறது. துறையில் பழகியோர்க்கு இது பெருந்தடையன்று. புதிதாக நுழையும் மாணவர்க்கோ பெருங்காடாகவே தோன்றும்.

காவலுள்ள வாயில்: கிரான்

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் உருவாக்கிய 'ஆர்' என்னும் நிரல்மொழி புள்ளியியலுக்கென அமைந்தது. அதற்குரிய களஞ்சியமான கிரான், குர்ட் ஹோர்னிக், ஃபிரீட்ரிக் லைஷ் ஆகியோரால் 1997இல் வியன்னாவில் தொடங்கப்பெற்றது. இன்று 20,000க்கும் மேற்பட்ட பொதிகள் அதில் உள்ளன.

சிபேன் நுழைவை எளிதாக்கியது; கிரான் நுழைவையே முதற் சோதனையாக்கியது. இங்கு ஒவ்வொரு பொதியும் ஏற்கப்படுவதற்கு முன்னரே வரையறுக்கப்பட்ட சோதனைத் தொடரைக் கடக்க வேண்டும். பயனர்க்கென வெளியிடப்படும் செயற்கூறு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேண்டும். விளக்கத்தில் தரப்படும் எடுத்துக்காட்டுகள் உண்மையில் இயங்க வேண்டும். உரிமம் தெளிவாக இருக்க வேண்டும். பொறுப்பேற்கும் பராமரிப்பாளர் ஒருவரின் பெயரும் செல்லத்தக்க மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். முதன்முறையாக வரும் பொதிகளைத் தன்னார்வலர்கள் நேரிலும் பார்வையிடுகின்றனர். ஏற்கப்பட்ட பின்னரும் சோதனை ஓய்வதில்லை. பல இயங்குதளங்களில் பொதிகள் தொடர்ந்து சோதிக்கப்பட்டு, முடிவுகள் யாவரும் காண வெளியிடப்படுகின்றன. குறை கண்டால் பராமரிப்பாளருக்குக் கெடு விதிக்கப்படுகிறது. கெடுவுக்குள் திருத்தாவிடில் பொதி நடப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுப் பழஞ்சுவடிப் பகுதிக்கு மாற்றப்படும். பராமரிப்பாளரின் முகவரிக்கு மடல் சென்று சேராமையும் நீக்கத்திற்குப் போதிய காரணமாகும்.

கிரானின் சிறப்பான விதி, சார்புகளைப் பற்றியது. ஒரு பொதியின் புதிய பதிப்பு வரும்போது, அப்பொதியை நம்பி நிற்கும் பிற பொதிகளும் உடன் சோதிக்கப்படுகின்றன. ஒருவர் செய்யும் மாற்றம் பிறர் பணியைக் குலைக்குமாயின், அவர்களுக்கு முன்னரே அறிவிக்கும் கடமை மாற்றம் செய்தவருக்கு உண்டு. களஞ்சியத்தைத் தனித்தனிப் பொருள்களின் குவியலாகக் கருதாமல் ஒன்றையொன்று தாங்கும் கட்டடமாகக் கருதும் நோக்கு இதில் வெளிப்படுகிறது. நம் பார்வையில், கிரானின் தலையாய பங்களிப்பு இதுவே.

ஆனால், கட்டடம் என்ற நோக்கே இடர்ப்பாட்டுக்கும் வழிவகுக்கிறது. 2022 அக்டோபரில் 'ஐசோபேண்டு' என்னும் சிறு பொதியில் கண்ட குறையொன்றைக் குறித்த நாளுக்குள் திருத்தாவிடில் அது நீக்கப்படும் என்ற அறிவிப்பு எழுந்தது. வரைபடங்கள் வரைதற்குப் பெரிதும் பயன்படும் 'ஜிஜிபிளாட்' பொதி அதனைச் சார்ந்திருந்தது. அவ்விரண்டையும் நேராகவோ மறைமுகமாகவோ சார்ந்த பொதிகள் நாலாயிரத்திற்கும் மேல். விதி முழுமையாகச் செயற்பட்டிருந்தால் அவை அனைத்தும் நீக்கத்திற்கு உள்ளாகியிருக்கும். உரிய காலத்தில் குறை திருத்தப்பட்டதால் அந்நிலை வரவில்லை. எனினும், கடுமையான விதி ஒன்று தன் அளவிலேயே தரமாகிவிடாது என்பதை இது காட்டுகிறது. விதியைச் செயற்படுத்துவோரும் விதிக்குக் கட்டுப்படுவோரும் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர் என்பதை மறந்து வகுக்கப்படும் கட்டுப்பாடு, இறுதியில் அவர்களையே களைப்படையச் செய்யும்.

வாயிலில் அகப்படாதவை

இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு விடை கூறுமுன், இரண்டும் ஒருங்கே காணத் தவறுவது யாது என நோக்குதல் வேண்டும். சிபேனின் சோதனையாளர்கள் நிரல் இயங்குகிறதா எனக் காண்கின்றனர். கிரானின் காவலர்கள் நிரல் விதிப்படி அமைந்து இயங்குகிறதா எனக் காண்கின்றனர். நிரல் தரும் விடை பொருளளவில் சரியானதா என்பதைக் காண்பது இவ்விரு அமைப்புகளின் பணியன்று.

இதனைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே விளக்கலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் ஒருங்குறியில் அச்சொல் ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. சொல்லின் நீளத்தைக் கேட்டால், பல நிரல்மொழிகளின் இயல்பான செயற்கூறு ஐந்து என்றே விடை தரும். அச்செயற்கூறு பழுதானதன்று, அது எண்ணுவது குறிகளை, எழுத்துகளை அன்று. இந்த வேறுபாட்டை அறியாதார் ஒருவர் அதனைக்கொண்டு செய்யுளின் எழுத்தெண்ணிக்கையை ஆராய்ந்தால், கட்டளைக் கலித்துறையின் எழுத்தெண்ணிக்கையும் தவறாகவே வெளிவரும். எச்சரிக்கை ஏதும் எழாது.

அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்திற்கும் பகரத்திற்கும் இடையில் வைக்கப்பட்டுள்ளது. ளகரம் ழகரத்திற்கும் வகரத்திற்கும் முன் நிற்கிறது. குறிகளின் எண்மதிப்பைக்கொண்டு வரிசைப்படுத்தும் நிரல், சொல்லடைவொன்றை நெடுங்கணக்குக்கு மாறான வரிசையில் அடுக்கித் தரும். அது எல்லா இயங்குதளங்களிலும் ஒரே வகையாக அடுக்கும் என்பதால் சிபேனின் சோதனையாளர் எவரும் குறை காணார். விளக்க ஆவணமும் எடுத்துக்காட்டும் ஒழுங்காக இருப்பின் கிரானின் வாயிலும் திறக்கும். பிழை பிழையாகத் தெரிய வேண்டுமாயின், நெடுங்கணக்கு அறிந்த ஒருவர் விடையைப் பார்த்தாக வேண்டும்.

இன்னும் ஒருபடி மேலே சென்றால், 'க்ஷ' என்பதனை ஓரெழுத்தாகக் கொள்வதா, ஈரெழுத்தாகக் கொள்வதா என்னும் வினா எழும். இதற்குக் கணினியியலில் விடை இல்லை. எந்த இலக்கண நோக்கை ஏற்கிறோம், எந்நோக்கத்திற்காக எண்ணுகிறோம் என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். வியன்னாவிலிருக்கும் தன்னார்வலர் எத்துணைத் திறமையுடையவராயினும் இதனை முடிவு செய்ய இயலாது. முடிவு செய்யுமாறு அவரை எதிர்பார்ப்பதும் முறையன்று.

நிலைபேறும் பராமரிப்பும்

தரம் என்பது ஏற்கப்படும் நாளோடு முடிவதன்று. 2016 மார்ச் மாதத்தில், ஜாவாஸ்கிரிப்டு மொழிக்குரிய 'என்பிஎம்' களஞ்சியத்திலிருந்து, பெயருரிமை குறித்த பிணக்கினால் மனம் வெறுத்த ஆசிரியர் ஒருவர் தம் பொதிகள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று பதினொரு வரி கொண்டது. சொல்லின் இடப்புறத்தே இடைவெளி நிரப்புவது மட்டுமே அதன் பணி. அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டமைப்புப் பணி உலகெங்கும் தடைப்பட்டது. பின்னர் அக்களஞ்சியம் பொதிகளை விலக்கிக்கொள்ளும் உரிமைக்கு வரம்பு விதித்தது. அந்நிரலில் பிழை ஏதுமில்லை; பிழை, நிலைபேற்றை உறுதி செய்யாத களஞ்சிய அமைப்பிலேயே இருந்தது. சிபேனில் ஆசிரியர் நீக்கிய பழைய பதிப்புகளும் தனியொரு சேமிப்பில் காக்கப்படுகின்றன. கிரானிலும் நீக்கப்பட்ட பொதியின் மூலநிரல் அழிக்கப்படுவதில்லை. ஆய்வுலகத்திற்கு இவ்வழக்கம் இன்றியமையாதது. பத்தாண்டுகளுக்கு முன் வந்த ஆய்வேட்டின் எண்ணைச் சரிபார்க்க விரும்புவோர்க்கு அன்றைய பதிப்பே வேண்டும்.

பராமரிப்பாளரின் தனிமை இதனினும் கடிய சிக்கல். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்னும் திறந்தமூல மென்பொருள் நெடுங்காலம் தனியொருவரின் உழைப்பில் நடந்து வந்தது. உதவ முன்வந்தவராகத் தோன்றிய ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பங்களித்து, நம்பிக்கையையும் வெளியீட்டு உரிமையையும் பெற்று, 2024இல் வெளிவந்த பதிப்புகளில் கள்ளவழி ஒன்றை மறைத்து வைத்தார். 2024 மார்ச் இறுதியில் அதனைக் கண்டறிந்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர். தொலைக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதை உணர்ந்து, காரணம் தேடிச் சென்றபோது அக்கள்ளவழி வெளிப்பட்டது. இயந்திரச் சோதனைகள் காணாததை, பயன்படுத்துவோர் ஒருவரின் கூர்த்த கவனம் கண்டது.

ஒப்பீட்டு முடிவு

மேற்கண்டவற்றால் நாம் கொள்ளும் கருத்து இது. வாயிற்காவல் தேவை, ஆனால் அது தரத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. கிரானின் கட்டுப்பாடு மோசமான நிரலை வடிகட்டுகிறது. தவறான நிரலை அன்று. சிபேனின் திறந்தநிலை இரண்டையுமே உள்ளே விடுகிறது. எனினும் உள்ளே வந்தவற்றைப் பலரும் சோதித்துப் பார்க்கும் பண்பாட்டை அது வளர்த்துள்ளது. இயந்திரத்தால் அறியத்தக்கவற்றை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, அறிவுடையோர் மட்டுமே அறியத்தக்கவற்றுக்கு மனித உழைப்பை ஒதுக்குவதே பொருத்தமான நெறியாகும்.

இந்நெறியில் சில முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. கிரானில் 2005 முதல் துறைவாரியான வழிகாட்டிப் பட்டியல்களைத் துறை வல்லுநர்கள் தொகுத்து வருகின்றனர். இயன்மொழி ஆய்வுக்கும் அத்தகைய பட்டியல் உண்டு. 2011இல் தோன்றிய 'ஆர்ஓப்பன்சை' அமைப்பு, நிரற்பொதிகளைப் பெயர் மறைக்காது வெளிப்படையாக மதிப்பிடும் முறையை நடத்துகிறது. 2016இல் தொடங்கிய திறந்தமூல மென்பொருள் ஆய்விதழொன்றும் நிரலையே ஆய்வுப் படைப்பாக ஏற்று மதிப்பிட்டு வெளியிடுகிறது. மூலநூலுக்கு உரைகாரரும் ஐயம் எழுப்புவோரும் போல, நிரலுக்கும் வாசகர் வேண்டும் என்ற உணர்வே இவற்றின் அடிப்படை.

நம் துறைக்கு உரிய கடமை

தமிழைக் கையாளும் நிரற்பொதிகள் இன்று பொதுக் களஞ்சியங்களில் உள்ளன. பைத்தான் மொழிக்குரிய 'ஓப்பன் தமிழ்' பொதி, தமிழ் எழுத்துகளைப் பிரித்தெண்ணும் வசதியைத் தருவது இதற்குச் சான்று. இவற்றை ஆக்குவோரிற் பலர் பொறியியல் துறையினர். தம் ஓய்வு நேரத்தை ஈந்து உழைப்பவர். இலக்கணமும் யாப்பும் பதிப்பியலும் கற்ற நாம், அவர்கள் செய்ததை எடுத்தாளுவதோடு நின்றுவிடுதல் முறையாகாது.

நாம் ஆற்றக்கூடிய பணி பெரிதும் கடினமானதன்று. நிரல் எழுத அறியாத தமிழாசிரியரும் சோதனைக்கான சொற்களைத் தரலாம்: இச்சொல்லில் எழுத்து இத்தனை, இவ்விரு சொற்களுள் அகரவரிசையில் முன்னது இது, இப்புணர்ச்சியைப் பிரிப்பது இவ்வாறு. சரியான விடையுடன் கூடிய இத்தகைய நூறு சொற்கள், பொதியுடன் நிலையாக இணைக்கப்படுமாயின், பின்வரும் பதிப்புகள் யாவும் அவற்றுக்கு விடை கூறியே வெளிவர வேண்டும். ஒருமுறை அளித்த இலக்கண அறிவு ஒவ்வொரு வெளியீட்டிலும் காவல் நிற்கும். இதனினும் பயனுள்ள உரைப்பணி இக்காலத்தில் அரிது.

ஆய்வேடுகளைப் பொறுத்தவரை, எடுத்தாண்ட பொதியின் பெயரையும் பதிப்பெண்ணையும் குறிப்பிடுதல் கட்டாயமாக்கப்பட வேண்டும். மூலநூலின் பதிப்பைக் குறிக்காத மேற்கோளை நாம் ஏற்பதில்லை. பதிப்பைக் குறிக்காத எண்ணிக்கையை மட்டும் ஏற்பது முரணாகும். சிறு பகுதியொன்றைக் கையால் எண்ணி, கணினியின் விடையோடு ஒப்பிட்டுக் காட்டுமாறு மாணவரைப் பணித்தலும் நன்று. நிரல்களைச் சோதித்துத் திருத்தும் பணியைப் பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பணியாக மதிப்பதும் வேண்டும். மதிப்பில்லாத பணிக்கு இளைஞர் வாரார். அவர் வாராவிடில் பொதிகள் ஒருவர் இருவரின் தோள்களிலேயே நின்று தளரும்.

முடிவுரை

களஞ்சியத்தின் வாயிலில் வழங்கப்படும் அனுமதியை நாம் பெரும்பாலும் சான்றிதழாகக் கொள்கிறோம். அது, பொதி ஒழுங்காகக் கட்டப்பட்டுள்ளது என்பதற்கான அடையாளம் மட்டுமே. உள்ளிருப்பது மெய்யா என்பதற்கு அது சான்றாகாது. அரங்கேற்றத்தின் உயிர், ஐயம் எழுப்பத்தக்க அறிவுடையோர் அவையில் இருந்தமையே. அத்தகையோர் இல்லாத அவையில் எந்நூலும் அரங்கேறிவிடும். தமிழ் நிரல்களைப் பொறுத்தவரை அவ்வவையின் இருக்கைகள் பல இன்னும் வெறுமையாக உள்ளன. அவற்றில் அமர வேண்டியோர் தமிழ் கற்பிக்கும் நாமே.